இணைவு ஆற்றலுக்குப் பொதுப்பணம்: நான்கு வழிகளும் அவற்றின் விலையும்

பிரான்சின் தெற்கே காடராஷ் என்னும் இடத்தில் எழுந்துவரும் ஈட்டர் என்ற பன்னாட்டு அணுக்கரு இணைவு உலைத் திட்டத்தில் இந்தியா சேர்ந்தது 2005 டிசம்பரில். இலேசான அணுக்கருக்கள் ஒன்றிணையும்போது வெளிவரும் ஆற்றலைப் பெற முயலும் உலை இது. ஒப்பந்தம் 2006 நவம்பர் 21 அன்று பாரிஸில் கையெழுத்தாகி, 2007 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. உலை 2016-இல் முதல் பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டம் பெற்ற மீவெப்ப வாயுவை, காட்டும் என்பது அன்றைய கணக்கு. பிறகு அது 2025 ஆயிற்று. 2024-இல் வெளியிடப்பட்ட திருத்திய திட்டத்தின்படி, ஆய்வுப்பணி தொடங்குவது 2034-இல். டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற இரண்டு கன ஹைட்ரஜன் வகைகள் கலந்த உண்மையான எரிபொருளைக் கொண்டு உலையை இயக்குவது 2039-இல். இந்தத் தாமதத்துக்கான கூடுதல் செலவு மட்டுமே ஏறத்தாழ 500 கோடி யூரோ. 2006-இல் உலை முழுவதற்கும் சொல்லப்பட்ட மதிப்பீடே ஏறக்குறைய அவ்வளவுதான்.

உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காட்டை மட்டுமே ஆராய்ச்சிக்கும் வளர்ச்சிக்கும் செலவிடும் நாடு, இப்படித் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும் ஓர் உலைக்குத் தொடர்ந்து பணம் தரவேண்டுமா என்று வரி கட்டுபவர் கேட்பது நியாயமே. நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் முழு உறுப்பினராகத் தொடரலாம். விலகி, அந்தப் பணத்தை உள்நாட்டு இணைவு ஆய்வில் போடலாம். தனியார் நிறுவனங்களுக்குக் கடனாகவோ முதலீடாகவோ கொடுத்துப் பார்க்கலாம். இணைவையே ஒத்திவைத்துவிட்டு ஈனுலை (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் பிளவு உலை), சூரிய ஆற்றல், மின்சேமிப்பு ஆகியவற்றுக்குத் திருப்பிவிடலாம். நான்கையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவதுதான் வழக்கம். ஆனால் நான்கும் ஒரே வகைச் செலவல்ல. எது எப்போது திரும்பி வரும், எது திரும்பவே வராது என்பதில் அவை பெரிதும் வேறுபடுகின்றன.

முதலில், இணைவு ஆய்வு இன்று எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மிகையின்றிப் பார்க்கவேண்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் பெறும் தமிழ்நாட்டு வீடுகளுக்கு யூனிட் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். இங்கிலாந்தில் கல்ஹாமில் இருந்த ஜெட் என்ற டோகமாக் (பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளைய வடிவில் அடக்கும்) உலை, 2023-இல் தன் கடைசிச் சோதனைகளில் 69 மெகாஜூல் இணைவு ஆற்றலை வெளியிட்டுச் சாதனை படைத்தது. அது 19 யூனிட்டுக்குச் சற்று அதிகம். அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகம் 2022 டிசம்பர் 5 அன்று லேசர் கதிர்களால் 2.05 மெகாஜூல் செலுத்தி 3.15 மெகாஜூல் பெற்றது உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. பெற்றது ஒரு யூனிட்டுக்கும் குறைவு, அந்த லேசர்களை இயக்க மின்கட்டமைப்பிலிருந்து எடுத்ததோ 80 யூனிட்டுக்கு மேல். ஈட்டரின் இலக்கு இவற்றிலிருந்து பல படிகள் உயர்ந்தது. 50 மெகாவாட் வெப்பத்தைப் பிளாஸ்மாவுக்குள் செலுத்தி, 500 மெகாவாட் இணைவுத் திறனை 400 விநாடிகள் வரை பெறவேண்டும். அதாவது ஒரே துடிப்பில் 55,000 யூனிட்டுக்கு மேல். அதுவும் வெப்பமாகத்தான். ஈட்டர் ஒரு யூனிட் மின்சாரத்தைக்கூட வெளியே அனுப்பப்போவதில்லை. அது அதற்காக வடிவமைக்கப்பட்டதும் அல்ல. ஆகவே இந்த நூற்றாண்டின் முன்பாதியில் சென்னையின் கோடைக்கால மின்தேவைக்கு இணைவு ஆற்றல் கைகொடுக்கும் என்று யாராவது சொன்னால், அதை நம்பி ஒரு ரூபாய்கூட ஒதுக்கக்கூடாது.

இனி முதல் வழி. ‘பிரான்சுக்குப் பணம் போகிறது’ என்ற பேச்சு பாதிதான் உண்மை. கட்டுமானச் செலவில் ஐரோப்பிய ஒன்றியம் பதினொன்றில் ஐந்து பங்கை ஏற்றிருக்கிறது; இந்தியா, சீனா, ஜப்பான், கொரியா, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய ஆறும் ஆளுக்கொரு பங்கு, அதாவது ஏறத்தாழ 9 விழுக்காடு. இந்தப் பங்கின் பெரும்பகுதி ரொக்கமாகத் தரப்படுவதில்லை, பொருளாகவே தரப்படுகிறது. இந்தியா ஒப்புக்கொண்ட பொருள்களில் மிகப் பெரியது கிரையோஸ்டாட் எனப்படும் வெற்றிடக் கலம். பிளாஸ்மா இருக்கும் அறையில் வெப்பம் 15 கோடி டிகிரி. அதைச் சுற்றி நிற்கும், மின்தடையின்றி மின்சாரம் கடத்தும் மீக்கடத்துக் காந்தங்களோ பூச்சியத்துக்குக் கீழே 269 டிகிரி குளிரில் இருந்தாகவேண்டும். அந்தக் குளிரைக் காப்பதற்காக உலை முழுவதையும் சூழ்ந்து நிற்கும் உருக்குக் கலம் இது. உயரமும் விட்டமும் ஏறத்தாழ 29 மீட்டர், எடை 3,850 டன். அவ்வளவு பெரிய கலத்தை ஒரே பொருளாகக் கப்பலில் ஏற்ற முடியாது. குஜராத்தின் ஹசீராவில் லார்சன் அண்ட் டூப்ரோ அதை 54 துண்டுகளாகச் செய்து அனுப்பியது. காடராஷில் இதற்கென்றே எழுப்பப்பட்ட பணிமனையில் அவை நான்கு பெரும் பகுதிகளாகப் பற்றவைக்கப்பட்டன. 1,250 டன் எடையுள்ள அடிப்பகுதி 2020 மே மாதத்தில், உலகமே ஊரடங்கில் இருந்தபோது, உலைக் குழிக்குள் இறக்கப்பட்டது. அதற்கான கூலியும் பொறியியல் அனுபவமும் பெரும்பாலும் இந்தியாவிலேயே தங்கிவிட்டன. குளிர்நீர் அமைப்பு, திரவ ஹீலியம் செல்லும் குழாய்த்தொடர்கள், மின்வழங்கிகள், பிளாஸ்மாவைச் சூடேற்றும் ரேடியோ அலைக் கருவிகள் ஆகியவையும் நம் பட்டியலில் உண்டு. இவ்வளவுக்கும் ஈடாக, உலையின் அறிவுச்சொத்து முழுவதையும் பயன்படுத்தும் உரிமை உறுப்பு நாடுகள் ஒவ்வொன்றுக்கும் உண்டு. பதினொன்றில் ஒரு பங்கு செலுத்தி முழுவதையும் கற்கும் வாய்ப்பு இது. காகிதத்தில் இதைவிட நல்ல பேரம் கிடையாது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தும் ஆளும் ஆய்வகமும் இங்கே இருக்கின்றனவா என்பதே கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இரண்டாவது வழியை எடுத்துப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்தின் விலகல் விதியைப் படிப்பதில்லை. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து பத்து ஆண்டுகள் கழிந்த பிறகு, உலையை ஏற்றிருக்கும் ஐரோப்பியத் தரப்பைத் தவிர யார் வேண்டுமானாலும் விலகலாம். அந்தக் காலம் 2017-இலேயே முடிந்துவிட்டது. ஆனால் விலகினாலும், கட்டுமானச் செலவில் ஏற்றுக்கொண்ட பங்கிலிருந்து விடுபட முடியாது. உலை இயங்கத் தொடங்கிய பின் விலகினால், அதைப் பிரித்தெடுத்து அகற்றும் செலவிலும் உரிய பங்கைத் தரவேண்டும். எனவே, இன்று விலகினால் மிச்சமாகும் என்று மேடைகளில் சொல்லப்படும் தொகையின் பெரும்பகுதி உண்மையில் மிச்சமாகாது. கட்டிய கலத்தைக் கொடுத்துவிட்டு, அதற்குள் நடக்கும் சோதனையின் முடிவுகளை மட்டும் வேண்டாம் என்று சொல்வதாகவே அது முடியும்.

விலகிப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்கா 1998-இல் இத்திட்டத்தை விட்டு வெளியேறி, 2003-இல் திரும்பி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிந்த பிரிட்டன், 2023 செப்டம்பரில் ஈட்டருக்குள் மீண்டும் சேர்வதில்லை என்று முடிவெடுத்து, தன் சொந்தத் திட்டத்துக்கு 65 கோடி பவுண்டு வரை ஒதுக்குவதாக அறிவித்தது. நாட்டிங்ஹாம்ஷயரில் ஒரு பழைய நிலக்கரி மின்நிலையம் இருந்த இடத்தில் 2040 வாக்கில் மாதிரி இணைவு மின்நிலையம் அமைப்பது அதன் இலக்கு. ஆனால் பிரிட்டனை நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜெட் உலையைத் தன் மண்ணிலேயே நாற்பது ஆண்டுகள் இயக்கி, டிரிட்டியத்தைக் கையாண்டு, இயந்திரக் கைகளால் உலையின் உள்ளே பழுது பார்த்துப் பழகிய ஒரு தலைமுறையே அந்நாட்டில் இருக்கிறது. நம்மிடம் இருப்பவை காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆதித்யா, எஸ்.எஸ்.டி-1 என்ற இரண்டு டோகமாக்குகள். 1989-இல் இயங்கத் தொடங்கிய ஆதித்யா பின்னர் புதுப்பிக்கப்பட்டது. மீக்கடத்துக் காந்தங்களைக் கொண்ட எஸ்.எஸ்.டி-1 முதல் பிளாஸ்மாவைக் கண்டது 2013-இல். அளவில் சிறியவையானாலும் மதிக்கத்தக்க உழைப்பின் பலன்கள் அவை. ஆயினும் டிரிட்டியம் எரியும் உலை ஒன்றை நாம் இன்னும் இயக்கிப் பார்த்ததில்லை.

‘சொந்தமாகச் செய்தால் விரைவாக முடியும்’ என்ற நம்பிக்கையையும் சற்று உரசிப் பார்க்கவேண்டும். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலைக்கான கட்டுமானம் 2004-இல் தொடங்கியது. 2010 வாக்கில் முடியும் என்றார்கள். பிரதமர் முன்னிலையில் அதன் மையப்பகுதியை நிரப்பும் பணி தொடங்கியதே 2024 மார்ச் 4 அன்றுதான். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாயில் அமைவதாக இருந்த நியூட்ரினோ ஆய்வகம், ஒப்புதல் கிடைத்து இத்தனை ஆண்டுகளாகியும் மலைக்குள் ஒரு மீட்டர்கூடச் செல்லவில்லை. அதை எதிர்த்தவர்களின் காரணங்களை இங்கே எடைபோடப் போவதில்லை. பெரிய அறிவியல் கருவி எந்த நாட்டில் கட்டப்பட்டாலும் தாமதம் அதன் கூடவே வரும் என்பதும், அந்தத் தாமதத்தின் செலவை ஏழு பேர் பகிர்வதற்கும் தனி ஒருவர் சுமப்பதற்கும் வேறுபாடு உண்டு என்பதும் மட்டுமே இங்கு பொருட்படுத்த வேண்டியவை. பன்னாட்டுக் கூட்டுக்கும் அதற்கே உரிய குறை இருக்கிறது. பல நாடுகளில் தனித்தனியே செய்த பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும்; 2022-இல் ஈட்டரின் வெற்றிட அறைத் துண்டுகளின் ஓரங்களில் அளவுப் பிழைகளும், வெப்பத் தடுப்புகளின் குளிர்விப்புக் குழாய்களில் விரிசல்களும் தெரியவந்தபோது, பொருத்திய துண்டைத் திரும்பக் கழற்றி எடுக்கவேண்டியதாயிற்று.

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் காமன்வெல்த் ஃப்யூஷன் போன்ற நிறுவனங்கள் பெருந்தொகை திரட்டியிருப்பதும், அந்நிறுவனம் 2021-இல் உயர்வெப்ப மீக்கடத்தியைக் கொண்டு 20 டெஸ்லா காந்தப்புலத்தை எட்டியதும் உண்மையான முன்னேற்றங்கள். ஈட்டரைவிடச் சிறிய உலையால் அதே வேலையைச் செய்யலாம் என்ற வாதத்துக்கு அந்தக் காந்தம் வலுவூட்டுகிறது. அந்தப் பந்தயத்தை முதலீட்டாளர்கள் தங்கள் பணத்தில் ஆடட்டும். இந்திய அரசு 2025 ஜூலையில் ஒப்புதல் அளித்த ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, புத்தாக்க நிதி, குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடனாகத் தனியாருக்குப் போகும் வகையில் அமைக்கப்பட்டிருக்கிறது. காந்தம், வெற்றிடப் பம்பு, உயர்மின்னழுத்த வழங்கி என்று வேறு துறைகளிலும் விலைபோகும் பாகங்களைச் செய்பவர்களுக்கு அதிலிருந்து கொடுப்பது பொருத்தமாக இருக்கும். ‘ஐந்து ஆண்டில் இணைவு மின்சாரம்’ என்று சொல்லி வருபவருக்குக் கொடுப்பது பொருத்தமாக இராது.

நான்காவது வழிக்குத்தான் சென்னையில் ஆதரவு அதிகம். காரணமும் கண்முன்னே இருக்கிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிய மாநிலம் இது. ஆனால் காற்று ஓய்ந்து, சூரியன் மறைந்த பிறகும் குளிரூட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும் இரவு வேளையில் சேமிப்பு வசதி இல்லாமல் திண்டாடுகிறோம். மின்கலச் சேமிப்பிலும் நீரேற்றுப் புனல் நிலையங்களிலும் போடும் பணம் சில ஆண்டுகளுக்குள் பயன் தரும். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்தப் பணம் வருவது மின்வாரியத்தின் முதலீட்டிலிருந்தும் கடனிலிருந்தும். அளவிலும் இணைவு ஆய்வுச் செலவைவிடப் பன்மடங்கு பெரியது. 2025-26 ஒன்றிய நிதிநிலை அறிக்கை சிறு அணு உலை ஆய்வுக்கு மட்டுமே 20,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஈட்டர் பங்கை முழுவதுமாக நிறுத்தினாலும் தமிழ்நாட்டின் இரவுநேரத் தட்டுப்பாடு தீராது. அந்தப் பங்கைத் தொடர்ந்தாலும் அதனால் தட்டுப்பாடு கூடப்போவதில்லை. இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துவது கேட்பதற்கு எடுப்பாக இருக்கலாம், கணக்குக்கு உதவாது.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூடங்குளத்தை மனதில் வைத்துக்கொண்டே நம் ஊரில் அணு பற்றிய எந்தப் பேச்சும் தொடங்குகிறது. இணைவு உலையில் தொடர்வினை கிடையாது. பிளாஸ்மா சற்றுக் கலைந்தாலும் தானே அணைந்துவிடும். ஆனால் கதிரியக்கமே இல்லை என்று சொல்வது பிழை. டிரிட்டியம் கதிரியக்கம் உள்ளது, நீரோடு எளிதில் கலப்பது. நியூட்ரான்கள் தாக்கிய உலைச் சுவரும் கதிரியக்கம் பெறும்.

அந்தச் சுவரிலிருந்துதான் கல்பாக்கம் இந்தக் கதைக்குள் வருகிறது. டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும்போது வெளிப்படும் நியூட்ரானின் ஆற்றல் 14 மெகா எலக்ட்ரான் வோல்ட். பிளவு உலைகளில் பிறப்பவற்றின் சராசரியைப் போலப் பல மடங்கு. அனல்மின் நிலையக் குழாய்களுக்குப் பயன்படும் 9 விழுக்காடு குரோமிய எஃகில் மாலிப்டினமும் சிறிதளவு நியோபியமும் சேர்ந்திருக்கும். நியோபியம் நியூட்ரானை ஏற்றால் உருவாகும் ஓர் ஐசோடோப்பின் அரை ஆயுள் ஏறத்தாழ 20,000 ஆண்டுகள். அப்படிப்பட்ட சுவரைக் கழற்றியபின் எங்கே வைப்பது? கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய உலோகவியலாளர்கள் மாலிப்டினத்துக்குப் பதில் டங்ஸ்டனையும், நியோபியத்துக்குப் பதில் டான்டலத்தையும் வைத்து ஓர் எஃகை உருவாக்கினார்கள், டங்ஸ்டன் 1.4 விழுக்காடு, டான்டலம் 0.06 விழுக்காடு. இந்த வகை எஃகின் கதிரியக்கம் நூறு ஆண்டு அளவில் கையாளத்தக்க நிலைக்குத் தணிந்துவிடும் என்பதே நோக்கம். ஹைதராபாத்தின் மிதானி நிறுவனத்தில் உருக்கப்பட்ட இந்த எஃகைப் பற்றவைக்கும் முறைகளையும் கல்பாக்கமே வகுத்தது. பற்றவைத்த இடம்தான் எப்போதும் சிக்கல். வெப்பம் பட்ட விளிம்பில் உலோகத்தின் உள்ளமைப்பு மாறி, தாய்த்தகடு தாங்கும் அழுத்தத்தை அந்தக் கோடு தாங்காமல் போகலாம். திருச்சி பெல் கொதிகலன் ஆலையையும் அங்குள்ள பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனத்தையும் சுற்றி வளர்ந்த பட்டறைகளுக்கு இந்தக் கவலை புதிதல்ல. இணைவு மின்சாரம் என்றைக்கு வந்தாலும், இந்த அறிவு அதற்கு முன்பே உயர்வெப்பக் கொதிகலன், ஈனுலை என்று வேறு இடங்களில் வேலைக்கு உதவும்.

டிரிட்டியமும் அப்படியே. ஆயிரம் மெகாவாட் இணைவுத் திறனை ஓராண்டு முழுவதும் தர ஏறத்தாழ 56 கிலோ டிரிட்டியம் எரியவேண்டும். உலகில் அமைதிப் பயன்பாட்டுக்கு இருக்கும் கையிருப்போ 25 முதல் 30 கிலோ என்றுதான் மதிப்பிடப்படுகிறது. அதுவும் 12 ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் தானே பாதியாகிவிடும். ஆகவே எதிர்கால உலை, தன்னைச் சுற்றியுள்ள லித்தியப் போர்வையில் தன் டிரிட்டியத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அது நடக்கும்வரை டிரிட்டியம் கிடைப்பது, டியூட்டீரியம் கொண்ட கனநீரைப் பயன்படுத்தும் கனநீர் உலைகளிலிருந்துதான். கல்பாக்கத்தின் இரண்டு 220 மெகாவாட் மின் உலைகள் உட்பட இந்தியாவின் பெரும்பாலான அணு உலைகள் கனநீர் உலைகளே. கனநீரிலிருந்து டிரிட்டியத்தைப் பிரித்து, அளந்து, கசியாமல் சேமித்துக் கையாளும் திறமை எந்த நாட்டிடம் இருக்கிறதோ, அந்த நாட்டுக்கு நாளைய இணைவு மேசையில் தனி இருக்கை கிடைக்கும். எரிபொருள் விற்பனையில் கிடைக்கும் வருவாய் அதற்குப் பிறகு வருவதுதான்.

இந்த இரண்டையும் பார்த்த பிறகு என் தேர்வு தெளிவாகிறது. ஈட்டரில் தொடரவேண்டும்; ரொக்கப் பங்கைத் தவணை தவறாமல் கட்டவேண்டும், ஏனெனில் பாக்கி வைத்திருக்கும் உறுப்பினரின் குரலுக்கு அவையில் மதிப்பிருக்காது. அதோடு, ஆண்டுதோறும் அந்தப் பங்கில் ஐந்தில் ஒரு பகுதி அளவுக்கு ஒரு தொகையை, உள்நாட்டில் நான்கு பொருள்களுக்கு மட்டும் தனித் தலைப்பில் ஒதுக்கவேண்டும்: சுவர்ப் பொருள்கள், டிரிட்டியம், தொலைவிலிருந்து இயக்கும் பழுதுபார்ப்புக் கருவிகள், காடராஷுக்கு அனுப்பித் திரும்ப அழைக்கப்படும் இளம் பொறியாளர்கள். ஐந்தில் ஒரு பகுதி என்பது என் மதிப்பீடு. கூடவோ குறையவோ இருக்கலாம், ஆனால் பூச்சியமாக இருக்கக்கூடாது. உறுப்பினர் கட்டணத்தைக் கட்டிவிட்டு, அங்கே கற்றதை வாங்கிவைக்க இங்கே ஆய்வகமும் ஆளும் இல்லாமல் விடுவதே எல்லா வழிகளிலும் மோசமானது. முழுவதுமாக விலகுவதைவிடவும் மோசமானது. அறிவுச்சொத்து உரிமை இருந்தும் அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஆட்கள் இல்லாத நாட்டுக்கு அந்த உரிமையால் பயன் எதுவும் இராது.

அனுப்பப்படுபவர்களைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. மூன்று ஆண்டு அயல்பணி முடிந்து திரும்பும் பொறியாளரைத் தொடர்பில்லாத பிரிவுக்கு மாற்றிவிடும் வழக்கம் நம் அரசு நிறுவனங்களில் உண்டு. அங்கே வெற்றிட அறைத் துண்டுகளின் அளவுப் பிழையைத் திருத்தும் பணியில் நின்றவர் இங்கே கொள்முதல் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த மூன்று ஆண்டுக்கான செலவு முழுவதும் வீண். திரும்பி வருபவரின் அடுத்த ஐந்து ஆண்டுப் பணியிடத்தை அனுப்பும்போதே எழுத்தில் உறுதிசெய்துவிடலாம். அதற்குக் கூடுதல் நிதி தேவையில்லை.

இந்தத் தேர்வு என்றென்றைக்குமானது அல்ல. கட்டுமானக் காலத்தில் 9 விழுக்காடாக இருக்கும் இந்தியாவின் பங்கு, இயக்கக் காலத்தில் 10 விழுக்காடாக உயரும். ஐரோப்பா 34, அமெரிக்காவும் ஜப்பானும் ஆளுக்கு 13, மற்ற நான்கு நாடுகள் ஆளுக்கு 10 என்பது ஒப்பந்தத்தின் பகிர்வு. உலை இயங்கத் தொடங்கிவிட்டால், பிரித்தகற்றும் செலவின் பொறுப்பும் நம்மீது விழும். எனவே உண்மையான முடிவெடுக்கும் காலம் இன்றைய நிதியாண்டு அல்ல. 2034-க்கு முந்தைய மூன்று, நான்கு ஆண்டுகள். அதற்குள் திட்டக்காலம் மறுபடியும் பெருமளவு தள்ளிப்போனாலோ, உயர்புலக் காந்த உலைகள் வேறெங்காவது டிரிட்டியம் எரித்து, செலுத்தியதைவிட அதிக ஆற்றலைப் பெற்றுக் காட்டினாலோ, இயக்கக் காலப் பங்கைக் குறைத்துக்கொள்வது பற்றிப் பேச்சு நடத்தலாம். அப்படிப் பேசவும், கல்பாக்கத்திலும் காந்திநகரிலும் என்ன கற்றிருக்கிறோம் என்ற கணக்கு கையில் இருக்கவேண்டும்; அந்தக் கணக்கை எழுதத் தொடங்கவேண்டியது அடுத்த நிதிநிலை அறிக்கையிலிருந்தே.